யார் வீட்டுப் பிள்ளை?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், 1982–85 அணியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இலங்கை முழுக்க பஸ்ஸிலயே சுத்தினியாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. பசங்களுக்குப் பயன்படுற மாதிரி பேசு. சோகமா எதுவும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் என்னிடம் சொன்னார். மூன்று கட்டளைகள். முதல் இரண்டையும் நிறைவேற்றி விடுகிறேன். மூன்றாவதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

2019 பிப்ரவரி மாதம் வங்கியில் பதினாறு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு பையோடு திருச்சியில் விமானம் ஏறினேன். பையின் எடை ஆறு கிலோ. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, மழைக்கோட்டு, மாத்திரைகள், அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். கொழும்பில் இறங்கி, தெற்கே கடலோரமாய்ப் போய், அங்கிருந்து மலை ஏறி, மலை இறங்கி வடக்கே மன்னார், யாழ்ப்பாணம், நெடுந்தீவு என்று பார்த்துவிட்டுக் கொழும்புக்கே திரும்புவது திட்டம். கார் கிடையாது. பஸ், ரயில், படகு, இவை மூன்றும் இல்லாத இடத்தில் கால்.

ஐம்பத்து நாலு வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. சொல்லப்போனால் கார் வேண்டாம் என்று தடுத்ததே அம்மாதான். "கார் புடிச்சிராதப்பா. கார்ல போனா தொரைன்னு நெனச்சு ஒதுங்கி நிப்பாங்க. பஸ்ல போ. பஸ்ல போனாத்தான் யாரு வீட்டுப் புள்ளைன்னு கேப்பாங்க" என்றார்கள். தொரை என்றால் தேயிலைத் தோட்டத்து மேலாளர்.

ஏன் அம்மா அப்படிச் சொன்னார்கள் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். விடுதியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்வரிசையில் சிரிக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியும். "சிலோன்காரன்." நான் பிறந்தது இலங்கையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன தொழிலாளிகளின் நான்காம் தலைமுறை நாங்கள். 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றானார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அதில் எங்கள் வீடு இந்தியக் கணக்கில் விழுந்தது. 1973-இல், ஒன்பது வயதில், தலவாக்கலையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அம்மாவுக்குக் கூடை மட்டும் மாறியது.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

தம்பி தங்கைகளே, இலங்கை நம் தமிழ்நாட்டில் சரிபாதிப் பரப்பு. ஆகவே பஸ்ஸில் சுற்றுவதற்கு ஏற்ற அளவு. சிவப்பு நிற பஸ் இ.போ.ச., அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபை. அது நம் அரசு பஸ் மாதிரி, ஆடி அசைந்து ஆனால் வந்தே தீரும். தனியார் பஸ்ஸில் பாட்டு காதைக் கிழிக்கும், வேகம் வயிற்றைக் கலக்கும். ஊர்ப்பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் தட எண் தெரிந்தால் போதும். விமான நிலையத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்கு 187, கொழும்பு – கண்டி 1, கொழும்பு – காலி 2, கொழும்பு – யாழ்ப்பாணம் 87. முன்னால் இருக்கிற முதல் இருக்கை புத்த பிக்குகளுக்கும் மதகுருமார்களுக்கும். தெரியாமல் உட்கார்ந்துவிட்டு நான் எழுந்த கதை ஒன்று உண்டு. சிங்களத்தில் எண்களையும் இரண்டு வாக்கியங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். "கீயத?" என்றால் எவ்வளவு. "யனவாத?" என்றால் போகுமா. ஊர்ப்பெயரோடு இதைச் சேர்த்துக் கேட்டால் பஸ்ஸில் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர் அந்தப் பதிலைத் திருத்துவார்கள்.

கோட்டை நிலையத்தில் மாத்தறை ரயிலில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினேன். கெட்டி அட்டையில் சின்னச் சீட்டு, நாம் சின்ன வயதில் பார்த்தோமே, அதே சீட்டு. ரயில் கடலை ஒட்டிப் போகிறது. அலைத் திவலை முகத்தில் படும். "இஸ்ஸோ வடே, வடே!" என்று இறால் பதித்த வடையைக் கூடையில் விற்றுக்கொண்டு போவார்கள். ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய என்ற இடம் வந்தது. அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த எதிர் இருக்கைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 சுனாமியில், கொழும்பிலிருந்து வந்த ரயில் நின்றுகொண்டிருந்த இடம் அது. ஒரே ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் தாண்டிப்போகிற வரை அவர் பேசவில்லை. நானும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாத்தறையில் இறங்கி, திஸ்ஸமஹாராமவில் ஓர் இரவு, மறுநாள் பதுளைக்குப் போகும் வழியில் வெல்லவாய. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் வந்த பஸ் வழியில் டயர் பஞ்சராகி, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தது. பதுளைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. நிலையத்தில் விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. எனக்குச் சிங்களத்தில் எண்கள் மட்டும் தெரியும். உள்ளதைச் சொன்னால், பயந்துவிட்டேன். ஏன் அவ்வளவு பயம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கே ராத்தங்கலுக்கு நிறுத்திய ஒரு பஸ்ஸின் கண்டக்டர், இருபத்தைந்து வயதுப் பையன், என் பையைப் பார்த்தான், என் தலை நரையைப் பார்த்தான், பஸ்ஸின் பின்னிருக்கையைக் கையால் காட்டினான். முன்னால் டிரைவரும் அவனும், பின்னால் நான். படுப்பதற்கு முன் ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி என் தலைமாட்டில் வைத்தான். விடிவதற்கு முன் தட்டி எழுப்பி, பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

பதுளையிலிருந்து ரயில். 1924-இல் பாதை இங்கே வந்து முடிந்தது. தெமோதரையில் பாதை ஒரு வளையம் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அடுத்து ஒன்பது வளைவுப் பாலம், எல்ல. எல்லவில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டமாய் ஏறிக் கதவோரம் கால் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாறையும் சுரங்கமும் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. பட்டிப்பொல 6,226 அடி, இந்தப் பாதையின் உச்சி. ஒற்றைப் பாதை என்பதால் ஒவ்வொரு நிலையத்திலும் டிரைவர் ஒரு பெரிய வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போகிறார். ஒன்பது வயதில் அந்த வளையத்தைப் பார்த்து நான் ரயில் டிரைவராக ஆசைப்பட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தலவாக்கலையில் இறங்கினேன். நான் விட்டுப்போனபோது இல்லாத ஓர் ஏரி ஊரோரம் கிடந்தது. 2012-இல் முடிந்த மேல் கொத்மலை நீர்த்தேக்கம். எங்கள் தோட்டத்துக்குப் போகிற சின்ன பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, மடியில் பாண் பொட்டலம்.

"ஐயா எந்த ஊரு?"

"இந்தியாங்க."

"இந்தப் பக்கம் யாரு வீட்டுக்கு?"

"இப்ப யாரும் இல்லைங்க. எழுவத்தி மூணுல போயிட்டோம். அப்பாவைப் பாட்டுக்காரர்னு சொல்லுவாங்க. காமன் கூத்துல பாடுவாரு."

அந்த அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். "பாட்டுக்காரரு மவனா நீ! ஒன்னைய இடுப்புல தூக்கியிருக்கேன்டா!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்கள். "ஐயா" போய் "டா" வந்துவிட்டது. அந்த "டா"வுக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர்கள் வீடு அதே லயத்தில், எங்கள் பழைய வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாயத்தண்ணியும் கொடுத்தார்கள். நாங்கள் போன அன்று தோட்டமே தலவாக்கலை நிலையத்துக்கு வந்ததைச் சொன்னார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்தது அந்தக் காலம். ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர். கோச்சி என்றால் ரயில். நான் போன சமயம், ஆயிரம் ரூபாய் நாள்சம்பளம் கேட்டுப் போராடி, ஜனவரியில்தான் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. அதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஏன்டா, போனது நல்லதா, இருந்தது நல்லதா?"

வங்கி மேலாளர், பட்டதாரி, சொந்த வீடு. "போனது நல்லது" என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டுக் கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு வாய் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். "எனக்கும் தெரியல" என்று சாயத்தண்ணியை மறுபடி ஊற்றினார்கள்.

அங்கிருந்து கண்டி, அனுராதபுரம் வரை பஸ். அனுராதபுரத்தில் தலைமன்னார் ரயில். போரினால் 1990-இல் நின்ற பாதை அது. 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் இறங்குதுறை வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. நம் பிரதமர் கொடியசைத்தார். கடைசி நிலையத்தில் இறங்கியவர்கள் பத்துப் பேர் இருப்போம். பழைய இறங்குதுறை துருப்பிடித்து நிற்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 1973-இல் இதே இடத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாம இந்தியாக்காரங்க" என்று சொன்னார். அக்கரைக்குப் போனதும் எல்லோரும் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள்.

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பூநகரி வழியாக பஸ். 2011-இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் போகிறது. வடக்கில் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டுமானால் "இறக்கம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். "ஸ்டாப்பிங்" என்று கத்தினால் நிற்காது, சிரிப்பார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பேச்சு வளர்ந்தது. என்னவோ தெரியவில்லை, இந்தக் கல்லூரியில் ஒருவரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

1983 ஜூலை. கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தோம். நம் கல்லூரி வாசலில் கூட்டம். "சிலோன்காரனைப் பேசச் சொல்லு" என்று தூக்கி மேஜைமேல் நிறுத்தினீர்கள். நான் பேசினேன். "நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எங்கள் நூலகம் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்று பேசினேன். சிங்களவர்களில் மனிதர்களே இல்லை என்றும் பேசினேன். கைதட்டல் விண்ணைப் பிளந்தது. அன்றிலிருந்து பட்டப்பெயரில் கேலி போய் மரியாதை வந்தது. உங்களில் பலருக்கு அந்தப் பேச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நேற்று இரவு கூட ஒருவர் எடுத்துச் சொன்னார்.

நண்பர்களே, அது பொய். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது உண்மை, 1981 ஜூன் 1 அதிகாலையில். நான் அப்போது கோத்தகிரியில் பள்ளி விடுமுறையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தை நான் பார்த்ததே கிடையாது. சொல்வதற்கு என் சொந்தக் கதையே எனக்கு இருந்தது. ஆனால் லயத்துப் பிள்ளை, கொழுந்து பறிக்கிறவள் மகன் என்று மேஜைமேல் நின்று சொல்ல வெட்கம். அதனால் இன்னொருவர் துயரத்தை எடுத்து என் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டேன். வெல்லவாய இருட்டில் நான் பயந்ததும் அந்தப் பேச்சினால்தான். பிறரை நம்ப வைத்த பேச்சை நானும் நம்பியிருந்தேன்.

ஒரு கொசுவர்த்தியால் வரலாறு மாறிவிடாது. நடந்த கொலைகள் நடந்தவைதான், அவற்றுக்கு நியாயம் கேட்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "ஒருவர் கூட மனிதர் இல்லை" என்ற என் வாக்கியம் மட்டும் அந்த பஸ்ஸோடு முடிந்தது.

ஆசிரியர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, அண்டைக்குப் பேசினதை இப்ப ஒண்டும் செய்யேலாது. இண்டைக்குக் கேக்க வந்திருக்கிறியள். அதை ஒழுங்காச் செய்யுங்கோ."

செய்தேன். 2003-இல் மறுபடி திறந்த நூலகத்தின் முன்னால் நின்றேன். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் 776 பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் நெடுந்தீவு. பவளப்பாறைக் கல்லை அடுக்கிய வேலிகள், காட்டுக் குதிரைகள், உப்புக் காற்று. படகில் ஒரு பாட்டி, 'குமுதினி' படகைப் பற்றிச் சொன்னார்கள். 1985 மே 15 அன்று இதே கடலில் அந்தப் படகை மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் சொந்தக்காரர் ஒருவரும் அதில் போனார். 1985 மே என்றதும் எனக்கு நம் கடைசித் தேர்வும் பிரிவுபசார விருந்தும் ஞாபகம் வந்தன. அந்தப் பாட்டியிடம் நான் ஒன்றும் பேசவில்லை, கேட்டுக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவி ரயிலில் கொழும்பு வந்து ஊர் திரும்பினேன்.

மாணவர்களுக்கு இரண்டு மூன்று சொற்கள். 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டது. போகிறவர்கள் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. மழைக்காலத்தில் நிறுத்துவார்கள், அதையும் விசாரியுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேளுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பை ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம். சுமை கூடினால் காரைத் தேடுவீர்கள், காரில் ஏறினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளில் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம், முகாமிலிருந்து வந்து படிக்கிறவர்கள் இருக்கலாம். பக்கத்து அறைக்காரன் பட்டப்பெயர் வைத்தால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல முப்பத்தாறு வருஷமும் ஒரு சின்ன பஸ்ஸும் தேவைப்பட்டன.

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கேட்டாங்களா?" என்பதுதான். "கேட்டாங்கம்மா" என்றேன். "என்னன்னு சொன்ன?" "பாட்டுக்காரர் மவன்னு சொன்னேன்." அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குப் போய் எனக்குச் சாயத்தண்ணி போட ஆரம்பித்தார்கள்.